புல்முடிச்சு

நுழையும்முன்

தொடர்வண்டியும் பேருந்தும் வருவதற்கு முன்னர்த் தமிழர் மலைகளை நடந்தே கடந்தனர். சுமையைப் பகிர்ந்துகொள்ளுதல், வழியை அடையாளம் காணுதல், அறியாத ஊரில் விருந்தினராதல் ஆகியவை அன்றைய பயணக் கல்வியின் பாடங்கள். அக்கல்வியைப் பத்துப்பாட்டு நூல்களுள் ஒன்றான மலைபடுகடாம் விரிவாகப் பதிந்து வைத்துள்ளது. அந்நூலைத் துணையாகக் கொண்டு, தருமபுரி மாவட்டம் பொம்மிடியிலிருந்து சேர்வராயன் மலைமீது நடந்த ஒருநாளைப் பற்றியது இப்பாடம்.

நீலச்சுவர்

சோலையார்பேட்டையிலிருந்து சேலம் செல்லும் தொடர்வண்டியில் பயணம் செய்வோர், மொரப்பூரைக் கடந்ததும் தெற்கே நீலச்சுவர் ஒன்று எழுவதைக் காண்பர். பொம்மிடி நிலையத்தில் இறங்கி நின்றால் அந்தச் சுவர் மலையாக உருமாறும். சரிவுகளும் பிளவுகளும் ஆங்காங்கே வெளிறிய பாறை முகங்களும் தெளிவாகத் தெரியும். சேர்வராயன் மலைத்தொடரின் வடபுறம் அது. 1860களின் தொடக்கத்தில் சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரை நோக்கி இருப்புப்பாதை அமைத்தவர்கள் இம்மலையின்மீது ஏறாமல் அடிவாரத்தைச் சுற்றிக்கொண்டு சென்றார்கள். பொறியாளர்கள் சுற்றிச் சென்ற மலையை அங்கே வாழ்ந்த மக்களின் ஒற்றையடிப் பாதைகள் நேராகவே ஏறின. பொம்மிடிக்கு நேர்தெற்கே, வரைபடத்தில் அளந்தால் 20 கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான தொலைவில், மலைமேல் ஏற்காடு இருக்கிறது. தொடரின் மிக உயர்ந்த பகுதிகள் 1,600 மீட்டரைத் தாண்டுகின்றன.

தை மாதத்தில் ஒருநாள், வனத்துறையின் இசைவு பெற்று, மாணவர் பன்னிருவரும் ஆசிரியர் இருவருமாக நாங்கள் அம்மலையில் ஏறப் புறப்பட்டோம். திட்டம் எளியது. அடிவாரத்தில் விடியலில் தொடங்கி, மாலைக்குள் மலைமேல் உள்ள சிற்றூர் ஒன்றை அடைந்து, இரவு அங்கே தங்க வேண்டும். நடைத்தொலைவு ஏறத்தாழ 12 கிலோமீட்டர். ஏற்றம் 800 மீட்டர் அளவில்.

இதற்கு எவ்வளவு நேரமாகும்? ஸ்காட்லாந்து நாட்டு மலையேறுநர் வில்லியம் நெய்ஸ்மித் 1892இல் ஒரு கணக்கு வகுத்தார். மூன்று மைல் நடைக்கு ஒரு மணி நேரம். அதனுடன் ஒவ்வொரு 2,000 அடி ஏற்றத்திற்கும் மேலும் ஒரு மணி நேரம். நம் அளவையில் சொன்னால், ஏறத்தாழ 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி, 600 மீட்டர் ஏற்றத்திற்கு இன்னொரு மணி. இதன்படி எங்கள் வழிக்கு நான்கு மணி நேரத்திற்குள் போதும். ஆனால், இக்கணக்கு நடைப்பழக்கமுள்ள, சுமையில்லாத, வழியில் நிற்காத ஒருவருக்கானது. பதினான்கு பேர், முதுகில் பை, முதல் மலையேற்றம் என்றால் அதை இருமடங்காக்கிக் கொள்வதே அறிவுடைமை. எங்களுக்கு எட்டு மணி நேரத்திற்கும் மேலாயிற்று.

கலப்பை

புறப்படுவதற்கு முந்தைய நாள் மாலையில் பைகளைத் திறந்து பார்த்தோம். ஒரு மாணவன் இரண்டு கம்பளிகளும் ஒரு கிரிக்கெட் மட்டையும் வைத்திருந்தான். ஒரு மாணவியின் பையில் வீட்டார் கட்டிக் கொடுத்த முறுக்கே இரண்டு கிலோ இருந்தது. தண்ணீர்ப் புட்டி ஒன்றே ஒன்று. நெடுநடையில் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு முதல் ஐந்தில் ஒரு பங்குவரை சுமக்கலாம் என்பது பொதுவழக்கு. 50 கிலோ எடையுள்ள ஒருவருக்கு அது 5 முதல் 10 கிலோ. அதில் தண்ணீருக்கே 3 கிலோ போய்விடும். ஏனெனில், மலைநடைக்கு ஆளுக்கு மூன்று லிட்டராவது தேவை. ஒரு லிட்டர் நீரின் எடை ஒரு கிலோ. எஞ்சிய இடத்தில்தான் போர்வையும் உணவும் மாற்றுடையும்.

எடையைக் குறைத்தால் மட்டும் போதாது; அதை வைக்கும் முறையும் வேண்டும். கனமான பொருளை முதுகெலும்பை ஒட்டி, பையின் நடுப்பகுதியில் வைத்தால் உடலின் ஈர்ப்பு மையம் அதிகம் இடம்பெயராது. அதையே பையின் வெளிப்புறத்தில் வைத்தால் சுமை பின்னோக்கி இழுக்கும். அதைச் சரிசெய்ய உடல் முன்னே வளையும். ஒரு மணி நேரத்தில் இடுப்பு வலிக்கும்.

மலைபடுகடாம் தொடங்கும் இடமும் இதுவே. நன்னன் சேய் நன்னன் என்னும் வேளிடம் பரிசில் பெற்றுத் திரும்பும் கூத்தன் ஒருவன், எதிரே வரும் கூத்தர் குழுவைப் பார்க்கிறான். அவன் கண்ணில் முதலில் படுவது அவர்களுடைய சுமை. முழவு, கொம்பு, தூம்பு, குழல் முதலிய இசைக்கருவிகளை இருபுறமும் எடை சமமாக இருக்குமாறு கட்டிச் சுமந்து வருகிறார்கள். அந்தச் சுமை பலாமரத்தில் கொத்தாகக் காய்கள் தொங்குவதுபோல் இருக்கிறதாம். கருவிகளை இட்ட அந்தப் பையைக் கலப்பை என்கிறார் புலவர். கலம் என்றால் கருவி; கலத்தைக் கொண்ட பை கலப்பை. உழவரின் கலப்பையையே அறிந்திருந்த மாணவர்களுக்கு இச்சொல் மிகவும் பிடித்துப்போயிற்று. அன்றுமுதல் எங்கள் முதுகுப்பைகளுக்குக் கலப்பை என்பதே பெயர்.

இந்நூலைப் பாடியவர் இரணிய முட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார். 583 அடிகள் கொண்ட இந்நூலுக்குக் கூத்தராற்றுப்படை என்ற பெயரும் உண்டு. நன்னனின் செங்கண்மா இன்று திருவண்ணாமலை மாவட்டத்துச் செங்கம். பொம்மிடியிலிருந்து வடகிழக்கே அரூரைத் தாண்டிச் சென்றால் அவ்வூரை அடையலாம். எனவே, நாங்கள் நடந்த மலையும் கூத்தர் நடந்த மலையும் அண்டை வீட்டார் போன்றவை.

விடிந்தபின் செல்க

மலைமேல் பிறந்து வளர்ந்த பெரியவர் ஒருவர் எங்களுக்கு வழிகாட்டியாக வந்தார். மாணவர்கள் அவரைத் தாத்தா என்றனர். அவர் எல்லாரையும் கண்ணு என்றே அழைத்தார். சேர்வராயன் மலையில் வாழும் மலையாளி என்னும் பழங்குடியைச் சேர்ந்தவர். மலையை ஆள்பவர் என்னும் பொருளில் அப்பெயர் வழங்குகிறது. கேரளத்து மலையாளிகளுக்கும் இவர்களுக்கும் தொடர்பில்லை. இவர்கள் பேசுவது தமிழ். தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்த உடன்பிறந்தார் மூவர் என்றும், அவர்களுடைய வழியினரே சேர்வராயன் மலை, கொல்லிமலை, பச்சைமலை ஆகியவற்றில் வாழ்கின்றனர் என்றும் இவர்களிடையே வாய்மொழி வரலாறு உண்டு.

இருட்டிலேயே கிளம்பினால் வெயிலுக்கு முன் ஏறிவிடலாமே என்று ஒரு மாணவன் கேட்டான். பெரியவர் தலையை அசைத்து மறுத்தார். “வெளிச்சம் வரட்டும் கண்ணு. காட்டுல நம்ம நேரம் வேற, அதுங்க நேரம் வேற” என்றார். சேர்வராயன் மலைப்பகுதியில் காட்டுமாடுகள் உண்டு. இரவெல்லாம் மேய்ந்து விடியலில் ஒதுங்குபவை. மலைபடுகடாம் கூறும் காரணம் வேறு, அறிவுரை ஒன்றே. தினைப்புனத்தைப் பன்றிகளிடமிருந்து காப்பதற்குக் கானவர் பெருங்கல்லைச் சாய்த்துப் பொறி வைத்திருப்பார்களாம். இருளில் செல்வோர் அதில் சிக்கக்கூடும். ஆகவே, விடிந்தபின் செல்க என்கிறது நூல்.

ஆறே முக்கால் மணிக்குக் கதிரவன் எழுந்தது, நாங்களும் எழுந்தோம்.

முதல் ஒரு மணி நேரம் முட்காடு. உசிலை, வேல மரங்கள், கற்கள் உருளும் தடம். அதன்பின் மூங்கிலும் வேங்கையும் கலந்த இலையுதிர்காடு. தையில் இலைகள் உதிரத் தொடங்கியிருந்தமையால் ஒவ்வோர் அடிக்கும் சருகு நொறுங்கியது. காலுக்கடியில் கிடந்த பாறையின் உடைந்த முகம் கருநீலமாகவும் எண்ணெய் தடவியதுபோன்ற மினுக்குடனும் இருந்தது. சேர்வராயன் மலையின் பெரும்பகுதி இத்தகைய சார்னோக்கைட்டுப் பாறையால் ஆனது. பல்லாவரத்துப் பாறையிலும் கொல்கத்தாவில் உள்ள ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லிலும் இவ்வகையை ஆராய்ந்த தாமஸ் ஹாலண்டு, 1893இல் சார்னாக்கின் பெயரையே இதற்குச் சூட்டினார். நிலவியலாளர்க்கு இம்மலையுடன் இன்னோர் உறவும் உண்டு. 1863இல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்த இராபர்ட் புரூஸ் பூட், பணி ஓய்வுக்குப் பின் ஏற்காட்டில் வாழ்ந்தவர். சேர்வராயன் மலையில் கிடைத்த புதிய கற்காலக் கற்கோடரிகளையும் திரட்டியவர். எனவே, இத்தடங்களில் மனிதர் நடந்தது கூத்தர் காலத்திற்கும் மிக முற்பட்டது.

கவர்வழி

ஒன்பது மணியளவில் முதல் கவர்வழி வந்தது. வழி இரண்டாகப் பிரியும் இடத்தைக் கவர்வழி என்போம். இடப்புறம் சென்ற தடம் அகலமாகவும் தெளிவாகவும் இருந்தது. முன்னால் சென்ற மாணவர் மூவர் ஐயமின்றி அதில் திரும்பினர். “அங்க போகாத கண்ணு, அது ஆட்டுத் தடம்” என்று பெரியவர் குரல் கொடுத்தார்.

எப்படித் தெரியும் என்று கேட்டோம். அவர் தரையைக் காட்டவில்லை, மேலே காட்டினார். அந்தத் தடத்தின்மேல் இடுப்பளவு உயரத்திலேயே கிளைகள் குறுக்கிட்டிருந்தன. ஆடு குனியாமல் அதனடியில் செல்லும், மனிதரால் இயலாது. வலப்புறத் தடம் தரையில் மங்கலாக இருந்தது. ஆனால், தோளுயரத்திற்கு மேல்வரை வெளி திறந்திருந்தது. கூர்ந்து பார்த்தபோது, பழைய அரிவாள் வெட்டுகள் கிளைகளில் காய்த்துப்போயிருந்தன. சுள்ளி சுமந்து சென்ற யாரோ தலைச்சுமை தட்டாமலிருக்க வெட்டியவை. பாதையைக் காலடியில் மட்டும் தேடிக்கொண்டிருந்த எங்களுக்கு அது தலைக்கு மேலும் எழுதப்பட்டிருப்பது அப்போதுதான் தெரிந்தது.

பெரியவர் பச்சைத் தழை ஒன்றை ஒடித்து, ஆட்டுத் தடத்தின் குறுக்கே வைத்து, அதன்மேல் ஒரு கல்லை வைத்தார். பின்னால் வருவோர் அப்பக்கம் திரும்பாதிருக்க அது குறி. எங்கள் குழுவில் இருவர் அப்போதே நெடுந்தொலைவு பின்தங்கியிருந்தனர். இன்னோர் ஆசிரியர் அவர்களுடன் வந்துகொண்டிருந்தார்.

மலைபடுகடாத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இங்கேதான் நினைவுக்கு வந்தது. பழகாத நாட்டிற்குப் புதிதாக வருவோரே, கவர்த்த வழிகளைத் துடைத்துத் தெளிவாக்கி, புல்லை முடிந்து அடையாளம் இட்டுச் செல்லுங்கள் என்று கூத்தன் கூறுகிறான். வழி அறிந்தவனுக்கு அவன் இதைச் சொல்லவில்லை. வழி அறியாதவனுக்குச் சொல்கிறான். நீயே இன்னும் தடுமாறிக்கொண்டிருக்கிறாய்; ஆயினும் உனக்குப் பின்னால் தடுமாறப்போகிறவனுக்கு ஒரு முடிச்சை விட்டுச்செல் என்பது அவ்வறிவுரை. அந்தப் புல் ஒரு மழைக்குக்கூட நிலைக்காது. அடுத்த குழுவிற்குப் பயன்பட்டால் போதும்.

தெரிந்து தெளிவோம்

புல்லில் இட்ட குறி அழிந்துவிடும். கல்லில் இட்டது நிற்கும். தருமபுரிப் பகுதியில் அதியமான் பெருவழி என்னும் பழைய வணிகப் பாதையின் தொலைவுக் கற்கள் கிடைத்துள்ளன. கி.பி. 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அவற்றுள் ஒன்று நாவற்தாவளம் என்னும் ஊருக்கு 29 காதம் என அறிவிக்கிறது. எழுத்தும் எண்ணும் மட்டுமல்லாமல், இரண்டு பெரிய குழிகளும் ஒன்பது சிறிய குழிகளும் அக்கல்லில் செதுக்கப்பட்டுள்ளன. பெரிய குழி ஒன்றுக்குப் பத்து. சிறியது ஒன்றுக்கு ஒன்று. எழுத்தறியாத வழிப்போக்கரும் விரலால் தடவித் தொலைவை அறிந்திருக்கலாம்.

நண்பகல்

பதினொரு மணிக்குப் பின் ஏற்றம் கடுமையாயிற்று. பேச்சு நின்றது. நீரோடை ஒன்றின் பாறையில் பாசி படர்ந்திருந்தது. மாணவி ஒருத்தி வழுக்கி விழப்பார்த்து, ஓரத்து மூங்கிலைப் பற்றிக்கொண்டாள். ஆழமான நீர்நிலையின் அருகே பாசி அடியைத் தளர்த்தும்; அங்கே சிறுமூங்கிலையும் கோரைத் தண்டையும் பற்றிக்கொண்டு செல்க என்று கூத்தனும் சொல்கிறான். இரண்டாயிரம் ஆண்டுகளை ஒட்டிய பழமையுடைய ஒரு நூல் இவ்வளவு துல்லியமாகக் கால் வைக்கும் இடத்தைச் சொல்வது வியப்பாகத் தோன்றலாம். அப்பாடலைப் பாடியவர் அவ்வழியே நடந்திருக்க வேண்டும் என்றே நான் நம்புகிறேன். வீழ்ந்த மரம்போலக் கிடக்கும் மலைப்பாம்பைச் சுற்றிச் செல்லவும், கவண்கற்கள் பறந்து வரும் தினைப்புனத்தருகே மரங்களை மறைவாகக் கொண்டு செல்லவும் கற்றுக்கொடுக்கும் கவிதை வீட்டு முற்றத்தில் தோன்றியிருக்க இயலாது.

வழி தவறினால் என்ன செய்வது? கருவிகளை இசையுங்கள் என்கிறது நூல். ஓசை கேட்டுக் கானவர் வந்து வழிகாட்டுவராம். எங்கள் ஒவ்வொருவர் கழுத்திலும் தொங்கிய ஊதலுக்கும் அதே வேலைதான். மூன்றுமுறை ஊதினால் உதவி தேவை என்று பொருள்.

உச்சிப்பொழுதில் புல்வெளிச் சரிவொன்றின் ஓரத்தில் அமர்ந்தோம். மாணவர் சிலர் அங்கேயே சுள்ளி பொறுக்கித் தேநீர் வைக்கலாம் என்றனர். பெரியவர் உடன்படவில்லை, நானும் உடன்படவில்லை. காரணத்தை அவர்களிடம் மறைக்காமல் சொன்னேன்.

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில், கொழுக்குமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுவினர் காட்டுத்தீயில் சிக்கினர். இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். காய்ந்த உயரமான புல், செங்குத்தான சரிவு, காற்று ஆகிய மூன்றும் அன்று சேர்ந்திருந்தன. தீ சரிவில் மேல்நோக்கிப் பாயும்போது அதன் நாக்கு மேலுள்ள புல்லை நோக்கிச் சாய்ந்து, தொடுவதற்கு முன்பே அதை உலர்த்திச் சூடேற்றிவிடுகிறது. சரிவு 10 பாகை கூடும்போதெல்லாம் தீயின் வேகம் ஏறத்தாழ இருமடங்காகும் என்பது தீயணைப்போர் கொள்ளும் கணக்கு. மலைமேல் ஏறி ஓடும் மனிதரால் அதை முந்த முடியாது. அதே ஆண்டில் தமிழ்நாடு அரசு மலையேற்ற ஒழுங்குமுறை விதிகளை வகுத்தது. இசைவு பெறுதல், வழிகாட்டியுடன் செல்லுதல், தீக்காலத்தில் வழிகளை மூடுதல் என்பனவெல்லாம் வெறும் அலுவலக நடைமுறைகள் என்று எண்ணுவோர் குரங்கணியை நினைத்துப் பார்க்க வேண்டும். 2024 அக்டோபரில் நாற்பது மலைவழிகளை அரசே தேர்ந்தெடுத்து, பயிற்சி பெற்ற வழிகாட்டிகளுடன் திறந்ததும் இதன் தொடர்ச்சியே.

யாரும் தேநீரைப் பற்றி மறுபடி பேசவில்லை. முறுக்கு அனைவருக்கும் போதுமானதாக இருந்தது.

மலைமேல் ஊர்

மூன்று மணிக்குமேல் காற்று குளிர்ந்தது. 1,000 மீட்டர் உயரத்திற்கு ஏறத்தாழ 6.5 பாகை செல்சியசு வெப்பம் குறையும் என்று புவியியல் பாடத்தில் படித்ததை அன்று மாணவர்கள் தோலால் உணர்ந்தார்கள். சில்வர் ஓக் மரங்களும் அவற்றில் படர்ந்த மிளகுக் கொடிகளும் தென்படலாயின. நிழலில் காப்பிச் செடிகள். செடிகளில் சிவந்த பழங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சேலம் ஆட்சியராயிருந்த காக்பர்ன் என்பவர் இம்மலையில் காப்பியை அறிமுகப்படுத்தினார் என்பர். அதற்குமுன் இங்கே விளைந்தவை சாமை, தினை, கேழ்வரகு. இன்றும் அவை முற்றிலும் மறைந்துவிடவில்லை.

ஊருக்குச் சற்று முன்பு பாதை தார்ச்சாலையில் ஏறியது. பெரியவர் அங்கே நின்று, நாங்கள் வந்த வழியைத் திரும்பிப் பார்த்தார். இச்சாலை போட்டபின் அவ்வழியே நடப்போர் மிகக் குறைவாம். ஒரு மழைக்காலம் ஆள் நடமாட்டம் இல்லாவிட்டால் உண்ணிச்செடி பாதையை மூடிவிடும். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து நம் மலைகளெங்கும் பரவிய செடி அது. வழி அழிகிறதே என்று நான் வருந்திச் சொன்னேன்.

அவர் வருந்தவில்லை. “சார், ரோடு இல்லாதப்ப என் தங்கச்சியப் பேறுகாலத்துக்குத் தூளியில தூக்கிட்டு எறங்குனோம். நாலு பேரு மாத்தி மாத்தித் தூக்குனோம். நீங்க இன்னிக்கு ஏறுன வழிதான்” என்றார்.

அதற்குமேல் நான் எதுவும் கேட்கவில்லை. நாங்கள் எட்டு மணி நேரம் ஏறிய வழியில், கம்பில் கட்டிய துணித் தொட்டிலில் ஒரு பெண்ணைச் சுமந்து இறங்கியிருக்கிறார்கள். நமக்கு ஒருநாள் மகிழ்ச்சியாக இருந்த பாதை அவர்களுக்கு மருத்துவமனைக்கான ஒரே வழியாக இருந்தது. அவர்களுக்குச் சாலை வேண்டும். அதில் மாற்றுக் கருத்துக்கு இடமில்லை. ஆனால், எந்தத் தடம் ஆட்டினுடையது, எந்த ஓடையில் கோடையிலும் நீர் இருக்கும், எந்தச் சரிவில் எந்த மாதம் நிற்கக்கூடாது என்னும் அறிவு அவரோடு நின்றுவிடக் கூடாது என்று எனக்குத் தோன்றியது. மாணவியர் இருவர் அன்றிரவே அவரருகில் அமர்ந்து, ஓடைகளின் பெயர்களைக் கேட்டுக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டனர். பாதியிலேயே பக்கம் நிரம்பிவிட்டது.

கூத்தர் சென்ற ஊர்களில் மக்கள் அவர்களைச் சொந்த வீட்டிற்கு வந்தவர்களைப்போல வரவேற்று உணவளித்தார்களாம். எங்களுக்கும் சாமைச் சோறும் அவரைக்கொட்டைக் குழம்பும் கிடைத்தன. காப்பிப் பழங்கள் உலர்ந்துகொண்டிருந்த களத்தின் ஓரத்தில் அமர்ந்து உண்டோம். வடக்கே, வெகு கீழே, பொம்மிடியின் விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கின. தொடர்வண்டி ஒன்று ஒளிக்கோடாக ஊர்ந்து சென்றது. ஓசை மட்டும் மேலே எட்டவில்லை.

பின்தங்கிய இருவரும் ஆசிரியரும் அப்போதுதான் வந்து சேர்ந்தனர். ஊருக்குக் கீழே கடைசிக் கவர்வழியில் பெரியவர் வைத்திருந்த தழையைப் பார்த்துச் சரியாகத் திரும்பியதாக மகிழ்ச்சியுடன் கூறினர். அவர்களுள் ஒருவன் கையில் அந்தத் தழையே இருந்தது. நினைவுப்பொருளாக வைத்துக்கொள்ள எடுத்து வந்தானாம்.

பெரியவர் அதை வாங்கிப் பார்த்தார். கீழ்க்காட்டுக்கு விறகெடுக்கச் சென்ற உறவுக்காரச் சிறுவர் இருவர் இன்னும் திரும்பியிருக்கவில்லை.

“உனக்குப் பின்னாடி யாரும் வரமாட்டாங்களா கண்ணு?” என்று கேட்டார்.

அவன் ஒருகணம் விழித்தான். பிறகு கலப்பையை இறக்கி வைத்துவிட்டு, கைவிளக்கையும் தழையையும் எடுத்துக்கொண்டு அவருடன் வந்த வழியே இறங்கினான்.